ஆர்க்கிடெக்ட் ஆக எவ்வளவு கணக்கு வேண்டும்?

கேள்வி: என் மகளுக்கு வரைவதென்றால் உயிர். ஆர்க்கிடெக்சர் படிக்க ஆசைப்படுகிறாள். கணக்கில் மட்டும் எப்போதும் சுமார்தான். சேர்க்கலாமா?

பதில்: தாராளமாகச் சேருங்கள். நுண்கணிதம் பாடத்தில் வந்து போகும்; வேலைக்கு வந்தபின் அதைத் தொடுவது அபூர்வம். அன்றாடம் கைகொடுப்பது பள்ளிக்கூடக் கணக்குதான்: பின்னம், விகிதம், பரப்பளவு, வடிவியல், கொஞ்சம் முக்கோணவியல். அதில் மட்டும் அசட்டை ஆகாது.

மாடிப்படியையே பாருங்கள். தளத்துக்குத் தளம் உயரம் 3,000 மி.மீ., ஒரு படியின் உயரம் 150 என்றால் 20 ஏற்றம். கால் வைக்கும் மிதி 20 அல்ல, 19. கடைசி ஏற்றம் ஏறினால் மேல்தளத்தில்தானே நிற்போம்! மிதி 300 மி.மீ. என்றால் நேர்ப்படிக்கு 5.7 மீட்டர் நீளம் வேண்டும். இரண்டு ஏற்றமும் ஒரு மிதியும் கூட்டினால் 600 முதல் 640 வரை வருவது நடைக்கு ஏற்றது; இங்கே 600.

இவ்வளவும் சரியாகப் போட்டவர்கள்கூடச் சறுக்கும் இடம் தரைப்பூச்சு. கான்கிரீட் படிகள் எல்லாம் 150 ஆக வார்த்தாயிற்று. பிறகு கீழ்த்தளத்திலும் மேல்தளத்திலும் கலவையோடு டைல்ஸ் 50 மி.மீ., படிகளின் மேல் கல் 20 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் படி 120 ஆகிவிடும், கடைசிப் படி 180. நடுவில் உள்ளவை 150. ஒரே உயரத்துக்குப் பழகிய கால் அந்தக் கடைசிப் படியில் தடுக்கும். இதற்குத் தேவைப்பட்டது கூட்டல் கழித்தல் மட்டுமே.

கேள்வி: பளு, பீம் கணக்கையெல்லாம் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்த்துக்கொள்ள மாட்டாரா?

பதில்: பார்ப்பார். ஆனால் தூணை எங்கே வைப்பது என்று முதலில் கோடு போடுவது ஆர்க்கிடெக்ட். இரு முனைகளில் மட்டும் தாங்கி நிற்கும் பீமின் நீளத்தை இரட்டிப்பாக்கினால், மீட்டருக்கு அதே பளு என்றாலும், வளைவுத் திருப்புத்திறன் (பளு பீமை வளைக்கப் பார்க்கும் அளவு) 4 மடங்கு, தொய்வு 16 மடங்கு. அதைச் சமாளிக்க பீமின் ஆழத்தைக் கூட்டுவார்கள். அறையின் உயரம் குறையும், ஏ.சி. குழாய்க்கு வழி இருக்காது. 4-ம் 16-ம் மனத்தில் இருந்தால் போதும், சூத்திரம் ஒப்பிக்க வேண்டாம்.

கேள்வி: கணக்கைக் கம்ப்யூட்டரே போட்டுவிடுகிறதே?

பதில்: கொடுத்த எண்ணுக்குப் போடும். 30 டிகிரி சாய்ந்த கூரைக்குத் தரைப்பரப்பு 100 சதுர மீட்டரைக் கொடுத்து ஓடு கேட்டால், 100-க்குத்தான் சொல்லும். சாய்வில் அளந்தால் 115-க்கு மேல். ஓடு பாதியில் தீரும்போதுதான் விஷயம் தெரியவரும்.