ஸ்காட்டிஷ் ஃபிடில்: கேளுங்கள், சொல்கிறேன்

ஃபிடில் என்பது தனி வாத்தியமா அக்கா?
இல்லை, நாம் பார்க்கிற அதே வயலின்தான். வாசிக்கிற விதத்தில்தான் வித்தியாசம், அதிலும் பாதிக்கு மேல் வில் பிடித்த கையில் இருக்கிறது.

கர்நாடக வயலின் பத்து வருஷம் கற்றவன், இப்போது எடின்பரோவில் இருக்கிறேன். இங்கே குழுவில் சேர்த்துக்கொள்வார்களா?
தாராளமாகச் சேருங்கள் தம்பி. இந்த ஊரில் 1881-லேயே ஃபிடில்காரர்கள் கூடிச் சங்கம் ஆரம்பித்துவிட்டார்கள். தந்திகளின் ச-ப-ச-ப சுருதியை மாற்றி மேற்கத்திய முறைப்படி ஜி-டி-ஏ-ஈ வைக்க வேண்டும், நாற்காலியில் உட்கார்ந்து வாசிக்கப் பழக வேண்டும், கமகத்தைக் கொஞ்ச நாள் அடக்கி வைக்க வேண்டும். மற்றபடி குரு ஒரு வரி வாசிக்க, நீங்கள் திருப்பி வாசித்துப் பழகியிருக்கிறீர்களே, அதுதான் இங்கே பெரிய சொத்து.

எனக்கு நோட்டேஷனே படிக்கத் தெரியாது.
பரவாயில்லை. முதலில் மெட்டை வாயால் பாடுங்கள். பாட வராத மெட்டு விரலுக்கும் வராது.

ஸ்ட்ராத்ஸ்பே, ரீல் என்ற ஸ்காட்டிஷ் நடன மெட்டு வகைகள் இரண்டுமே நாலு தாள அடிதானே, எப்படிப் பிரித்துக் கேட்பது?
நல்ல கேள்வி, நானே இதில் மாதக்கணக்கில் தடுமாறினேன். ரீல் வேகமாக, சமமாக உருண்டு ஓடும். ஸ்ட்ராத்ஸ்பே நிதானமானது, ஆனால் குறிலும் நெடிலுமாக வெட்டி வெட்டி நடக்கும். அடி விழுகிற இடத்தில் குறில் வந்து, அடுத்ததே நீண்டால் அதுதான் ஸ்காட்ச் ஸ்னாப். "தகா... தகா..." என்று சொல்லிப் பாருங்கள், "த"-வில்தான் அழுத்தம். எங்கள் குழுவில் ஒரு பெரியவர் என் வில்லின் நடுவில் இரண்டு விரல் அகலத்தைக் காட்டி, "குறிலுக்கு இவ்வளவு போதும்" என்றார், அன்றைக்குத்தான் அது பிடிபட்டது.

முதலில் எதைக் கற்கலாம்?
மெதுவான ஒன்று. ஸ்காட்லாந்தின் இன்வர் ஊர் ஃபிடில்காரர் நீல் கௌ (1727–1807) இரண்டாவது மனைவி இறந்தபோது அவருக்காகப் போட்ட மெட்டைக் கேளுங்கள். பெயர்தான் புலம்பல், ஸ்வரங்கள் மேஜரில் (பொதுவாக மகிழ்ச்சியாக ஒலிக்கும் மேற்கத்திய ஸ்வர வரிசை) இருக்கும். முப்பது வருஷத்துக்கு மேல் கூட வாழ்ந்தவளை நினைத்து ஒரு கிழவர் அழாமல் பேசுவது போல இருக்கும், எனக்கு இன்றும் தொண்டை அடைக்கும்.

நானாக ஒரு மெட்டைக் கொண்டுபோய் வாசிக்கலாமா?
கட்டாயம். யாரிடம் கேட்டீர்கள், யார் போட்டது என்று சொல்லிவிட்டு மெதுவாக மூன்று தடவை வாசியுங்கள். இரண்டாம் தடவையிலேயே மூலையில் யாராவது சேர்ந்துகொள்வார்கள், நிறுத்திவிடாதீர்கள்.