டூயல் ஃபிளஷ்: மிச்சம் பிடித்த தண்ணீர் வாஷர் வழியாகப் போகிறதா?

கேள்வி: எங்கள் வீட்டில் பழைய 10 லிட்டர் ஃபிளஷ் டேங்க். டேங்கை மாற்றாமல் டூயல் ஃபிளஷ் செட் மட்டும் வாங்கி உள்ளே பொருத்தினால் தண்ணீர் மிச்சமாகுமா?

பதில்: மிச்சமாகும், கம்மோடின் கோப்பை ஒத்துழைத்தால். டூயல் ஃபிளஷில் இரண்டு பட்டன்: சின்னதுக்கு 3 லிட்டர், பெரியதுக்கு 6 லிட்டர். 10 லிட்டருக்கு ஏற்ற மாதிரி வார்த்த கோப்பையில் 6 லிட்டர் விட்டால் சில சமயம் முழுசாகப் போகாது. மறுபடி பட்டனை அழுத்தினால் மிச்சம் பிடித்ததெல்லாம் போச்சு. செட் வாங்குவதற்கு முன்னால் ஒரு பக்கெட்டில் 6 லிட்டர் அளந்து, டிஷ்யூ பேப்பர் நாலைந்து போட்டு, ஒரே வீச்சில் ஊற்றிப் பாருங்கள். துல்லியமான சோதனை இல்லைதான், ஆனாலும் கோப்பை தேறுமா என்று ஓரளவு தெரிந்துவிடும். தேறாவிட்டால் செட்டை வாங்கி, முழு ஃபிளஷின் அளவைக் கூட்டி வைத்துக்கொள்ளலாம். சின்ன பட்டனில் மட்டும் லாபம் கிடைக்கும்.

கணக்கு இப்படி: நாலு பேர் வீட்டில் ஆளுக்கு ஒரு பெரிய ஃபிளஷ், நாலு சின்ன ஃபிளஷ் என்று வையுங்கள். 3/6 லிட்டர் செட்டில் ஆளுக்கு 18 லிட்டர், வீட்டுக்கு 72 லிட்டர். பழைய டேங்கில் 200 லிட்டர். நாளுக்கு 128 லிட்டர் மிச்சம். ஆனால் அடி வாஷர், அதாவது வால்வின் அடியில் தண்ணீரை அடைத்துப் பிடிக்கும் வளையம், சரியாக உட்காராமல் நிமிஷத்துக்கு 100 மில்லி, அதாவது அரை டம்ளர், கசிந்தால்கூட ஒரு நாளைக்கு 144 லிட்டர் போய்விடும். டூயல் ஃபிளஷ் வாங்கும்போது பட்டனின் பளபளப்பைப் பார்க்காதீர்கள், வாஷரைப் பாருங்கள்.

கடைக்குப் போகும்போது மூன்று அளவுகள் கையில் இருக்கட்டும்: டேங்க் அடித் துளையின் விட்டம், டேங்கின் உள் உயரம், மூடியில் பட்டன் துளை இருந்தால் அதன் விட்டம். 2 இஞ்ச் வால்வும் 3 இஞ்ச் வால்வும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. முடிந்தால் பழைய வால்வையே கழற்றி எடுத்துப் போங்கள். கடைக்காரரிடம் கேட்க வேண்டியவை இரண்டு. "வால்வின் மேல் பாகத்தைத் திருகினால் அடிப்பாகத்திலிருந்து தனியாகக் கழன்று வருமா?" "இதன் வாஷர் தனியாகக் கிடைக்குமா?" இரண்டுக்கும் ஆமாம் என்றால் வாங்குங்கள், கூடவே ஒரு வாஷரும் வாங்கி வையுங்கள். இல்லையென்றால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். ஒவ்வொரு முறை கசியும்போதும் டேங்கையே இறக்க வேண்டி வரும்.

கேள்வி: பிளம்பர் கிடைக்கவில்லை. நாங்களே மாட்ட முடியுமா? டேங்க் கம்மோடின் மேலேயே உட்கார்ந்திருக்கும் வகை.

பதில்: முடியும். பீங்கான் டேங்க் கனமானது, வழுக்கும். தூக்க இரண்டு பேர் வேண்டும்.

ஆங்கிள் காக்கை, அதாவது டேங்குக்குத் தண்ணீர் விடும் சுவர்க் குழாயின் திருகை, மூடுங்கள். போர் தண்ணீர் வீடுகளில் அது உப்பு பிடித்து இறுகியிருக்கும். பலம் கொடுத்துத் திருப்பினால் உடையும். திரும்பவில்லையென்றால் மாடித் தொட்டியின் கேட் வால்வை மூடிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ஃபிளஷ் செய்து, மீதித் தண்ணீரை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுங்கள். கனெக்‌ஷன் பைப்பைக் கழற்றி, டேங்குக்குக் கீழே இருக்கும் இரண்டு நட்டுகளை அவிழ்த்து, டேங்கை நேராக மேலே தூக்கி, பழைய துணி விரித்த தரையில் சாய்த்து வையுங்கள்.

அடியில் பெரிய பிளாஸ்டிக் நட் இருக்கும். அதைக் கழற்றினால் பழைய வால்வு உள்ளே கையோடு வரும். துளையின் ஓரத்தில் உப்பும் பழைய ரப்பர் துணுக்கும் ஒட்டியிருக்கும். விரலால் தடவினால் வழவழவென்று இருக்கும்வரை துடையுங்கள். புது வால்வின் பெரிய ரப்பர் வாஷர் டேங்குக்கு உள்பக்கம், நட் வெளிப்பக்கம். பலர் இங்கே டெஃப்லான் டேப்பும் சிலிக்கான் பசையும் போடுவார்கள். இரண்டும் வேண்டாம், தண்ணீரைத் தடுப்பது ரப்பர்தான். நட்டைக் கையால் இறுகும்வரை திருகி, அதற்கு மேல் ஸ்பேனரால் கால் சுற்று, அவ்வளவுதான்.

நட்டின் மேல் தடித்த ஸ்பாஞ்ச் வளையத்தை மாட்டி டேங்கைக் கம்மோடில் இறக்குங்கள். பழைய வளையத்தைத் திரும்பப் போடாதீர்கள், ஒருமுறை அமுங்கியது மறுபடி எழும்பாது. இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றி, அரைச் சுற்று அரைச் சுற்றாக இறுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுசாக இறுக்கிவிட்டு அடுத்த பக்கம் போனால் பீங்கான் விரியும். விரிந்த டேங்குக்கு வைத்தியம் கிடையாது.

தண்ணீர் திறந்து மிதவையைச் சரி செய்யுங்கள். நீர்மட்டம் ஓவர்ஃப்ளோ குழாயின் (மிஞ்சும் தண்ணீர் கோப்பைக்குள் வழியும் குழாய்) வாய்க்கு 2.5 செ.மீ. கீழே நிற்க வேண்டும். கடைசியாகப் பட்டன். பலர் தவறுவது இங்கேதான். பட்டனின் கம்பி வால்வின் தலையைத் தொட்டும் தொடாமலும், 1 அல்லது 2 மி.மீ. இடைவெளியோடு நிற்க வேண்டும். கம்பி நீளமாக இருந்தால் மூடியை வைத்ததுமே வால்வு லேசாகத் திறந்துகொள்ளும். புது செட் மாட்டிய அன்றே கசிகிறதென்றால் முதலில் மூடியைத் தூக்கிப் பாருங்கள். கசிவு நின்றால் குற்றவாளி கம்பிதான்.

கேள்வி: சத்தமே இல்லை, ஆனால் மாடித் தொட்டி சீக்கிரம் காலியாகிறது. டாய்லெட் கசிவா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: டேங்க் தண்ணீரில் அரை ஸ்பூன் கேசரிப் பவுடரைக் கலக்குங்கள். அரை மணி நேரம் யாரும் ஃபிளஷ் செய்ய வேண்டாம். கோப்பைத் தண்ணீரில் நிறம் வந்தால் கசிவு உறுதி. மஞ்சள் தூள் போடாதீர்கள், சரியாகக் கரையாமல் அடியில் படியும்.

எங்கே கசிகிறது என்பதற்குப் பென்சில் போதும். நீர்மட்டத்தில் கோடு போட்டு, ஆங்கிள் காக்கை மூடி, ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் அடி வாஷர். இறங்கவே இல்லை, ஆனால் காக்கைத் திறந்ததும் தண்ணீர் ஓவர்ஃப்ளோ குழாய்க்குள் வழிகிறதென்றால் கோளாறு தண்ணீர் ஏற்றும் மிதவை வால்வில். இரண்டையும் குழப்பிக்கொண்டு நல்ல செட்டைத் தூக்கிப் போட்டவர்கள் நிறைய.

அடி வாஷர்தான் என்றால் வால்வின் மேல் பாகத்தைத் திருகித் தூக்குங்கள். கீழே வட்டமாக சிலிக்கான் வாஷர் இருக்கும். அதில் மணல் துகள், வெள்ளை உப்புப் பொருக்கு, பச்சைப் பாசி, இந்த மூன்றில் ஒன்று பெரும்பாலும் தென்படும். வாஷரைக் கழற்றி வினிகரில் அரை மணி நேரம் ஊற வைத்துத் துணியால் துடைத்து, கீறல் இல்லையென்றால் தலைகீழாகத் திருப்பிப் போடுங்கள். இருபுறமும் தட்டையான வாஷராக இருந்தால் இன்னொரு பக்கம் புதுசு போல வேலை செய்யும். வாஷர் உட்காரும் விளிம்பையும் வினிகர் துணியால் துடையுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் கீறல் விழுந்து நிரந்தரக் கசிவாகிவிடும். உப்பு அதிகமான போர் தண்ணீர் வீடுகளில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்வது நல்லது.

கேள்வி: அந்தக் காலத்துச் சங்கிலி டேங்க் இப்படிக் கசிந்ததே இல்லை என்கிறார் அப்பா. உண்மையா?

பதில்: உண்மைதான். அது சைஃபன் முறை. உள்ளே தண்ணீர் ஒரு வளைவைத் தாண்டி ஏறினால்தான் கீழே இறங்கும், அடியில் அடைத்துப் பிடிக்க வாஷரே கிடையாது. பிரிட்டனில் 2001 வரை வால்வு வகை டேங்குக்கே அனுமதி இல்லை.

கேள்வி: டேங்குக்குள் போடும் நீல மாத்திரை நல்லதா?

பதில்: ப்ளீச் கலந்த மாத்திரை என்றால் வேண்டாம். குளோரின் ரப்பரையும் வாஷரையும் நாளடைவில் கெடுத்துவிடும். கோப்பை கழுவும் ஆசிடையும் டேங்குக்குள் ஊற்றாதீர்கள்.

கேள்வி: ஒரு வருஷ வாரண்டி இருந்தும், வாஷர் போனதற்குக் கடையில் மாற்றித் தர மறுக்கிறார்கள்.

பதில்: வாரண்டி அட்டையைப் படியுங்கள். ரப்பர் பாகங்களுக்கு வாரண்டி இல்லை என்று பல அட்டைகளில் பொடி எழுத்தில் இருக்கும். அப்படியென்றால் வாஷரைக் காசு கொடுத்து வாங்குவதே சுலபம். அப்படி ஒரு வரியும் இல்லையென்றால் பில், வால்வின் மாடல் எண், கசிவின் வீடியோ மூன்றையும் சேர்த்து முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில் வாங்காமல் பிளம்பர் மூலமாக வாங்கியிருந்தால் வாதாடுவது கஷ்டம்.