சமாரியா பள்ளத்தாக்கு: ஓமலோஸில் நிறுத்திய காருக்கு எப்படித் திரும்புவது?

கிரீஸின் கிரீட் தீவில் உள்ள இந்தப் பள்ளத்தாக்கு நடை, மலைமேல் ஓமலோஸில் தொடங்கிக் கடலோரக் கிராமமான அயியா ரூமெலியில் முடிகிறது. காரை ஓமலோஸில் விடாதீர்கள், இன்னொரு கடலோர ஊரான சூயாவில் விடுங்கள். காலையில் அங்கிருந்து பேருந்திலோ டாக்சியிலோ மேலே போய், நடந்து இறங்கி, அயியா ரூமெலியிலிருந்து மாலைப் படகில் சூயா வந்தால் கார் எதிரிலேயே நிற்கும்.

வரைபடத்தில் நடையின் இரண்டு முனையும் பக்கத்தில் தெரிவதால்தான் இந்தக் குழப்பம். கிரீட்டின் தென்மேற்கில் வெள்ளை மலைகள் நேராகக் கடலில் இறங்குகின்றன. அயியா ரூமெலிக்குச் சாலையே கிடையாது, படகு மட்டும்தான். நடை மொத்தம் 16 கி.மீ.; சுமார் 1,200 மீட்டர் உயரத்திலிருந்து கடல்மட்டம் வரை இறக்கம். முதல் சில கிலோமீட்டர்தான் முழங்காலைப் பதம் பார்க்கும். ஐந்து முதல் ஏழு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். 'இரும்புக் கதவுகள்' எனும் குறுகலான இடம் கடைசிப் பகுதியில்தான் வரும், அதற்குத் தெம்பு மிச்சமிருக்கட்டும்.

முந்தின நாள் இரண்டைச் சரிபாருங்கள்: அன்றைய கடைசிப் படகின் நேரம் (பெரும்பாலும் மாலை 5:30 வாக்கில்), அது சூயா பக்கம் போகிறதா என்பது. கிழக்கே ஸ்ஃபாக்கியா போகும் படகில் ஏறினால் காருக்கு எதிர்த்திசை.

பள்ளத்தாக்கு இருக்கும் தேசியப் பூங்கா பொதுவாக மே முதல் அக்டோபர் வரைதான் திறந்திருக்கும். மழை, கடும் வெப்பம் என்றால் அன்று காலையே மூடிவிடுவார்கள். காற்று பலமானால் படகும் நிற்கும். அப்போது இரவு அயியா ரூமெலியில்தான், ஆகவே மறுநாள் விமானம் வைத்துக்கொள்ள வேண்டாம்.