மீன் பண்ணைகளும் நீரின் தாங்குதிறனும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: கடலில் கூண்டு வைத்து மீன் வளர்த்தால் கழிவை நீரோட்டமே அடித்துச் சென்றுவிடாதா?

பதில்: ஒரு பகுதியைத்தான் அடித்துச் செல்லும். தீவனத்தில் உள்ள நைட்ரஜனின் பெரும்பங்கு மீனின் உடலில் தங்காமல், செவுள் வழியே அம்மோனியாவாக நீரில் கரைகிறது. எச்சமும் தின்னாது விட்ட தீவனமும் பாஸ்பரஸைச் சுமந்துகொண்டு கூண்டுக்கு அடியில் படிகின்றன. நீரோட்டம் மந்தமான இடத்தில் அந்தப் படிவைச் சிதைக்கும் நுண்ணுயிரிகள் ஆக்சிஜனைத் தீர்த்துவிட, ஹைட்ரஜன் சல்பைடு உருவாகி, அடிமட்டத்துப் புழுக்களும் சிப்பிகளும் மடிகின்றன. அறுவடைக்குப் பின் அந்த இடத்தைச் சில காலம் தரிசாக விடச் சொல்வது இதனால்தான்.

கேள்வி: ஒவ்வொரு பண்ணையும் உரிமம் பெற்று விதிப்படி நடந்தால் போதாதா?

பதில்: போதாது என்பதே என் கருத்து. ஒரே விரிகுடாவில் உள்ள பண்ணைகள் தனித்தனியே வரம்புக்குள் இருந்தாலும், அவற்றின் மொத்தச் சுமை அந்த நீர்ப்பரப்பின் தாங்குதிறனை மீறக்கூடும். நார்வே இதற்கென 2017இல் ஓர் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அதன்படி கடற்கரை 13 உற்பத்தி மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, பண்ணைகளிலிருந்து பரவும் கடற்பேன் என்ற ஒட்டுண்ணியால் இயற்கையான சால்மன் குஞ்சுகளில் எத்தனை சதவீதம் இறக்கின்றன என்று மதிப்பிடப்படுகிறது. 10 சதவீதத்துக்குக் கீழே என்றால் பச்சை, 30 சதவீதத்துக்கு மேலே என்றால் சிவப்பு, இடைப்பட்டது மஞ்சள். பச்சை மண்டலத்தில் உற்பத்தியை 6 சதவீதம் உயர்த்த அனுமதி கிடைக்கும். சிவப்பு மண்டலத்தில் அதே அளவு குறைக்கும்படி அரசு உத்தரவிடலாம். பேன் குறைவாக உள்ள பண்ணையாளரும் அண்டைப் பண்ணைகளோடு சேர்ந்து உற்பத்தியைக் குறைக்க நேர்வதால் மனத்தாங்கல் எழுவது இயல்பே. ஆயினும் பரவும் ஒட்டுண்ணிக்குப் பண்ணையின் எல்லை தெரியாது என்பதால், மண்டலத்தை அளப்பதே நியாயமான வழி. கடற்பேனை மட்டும் அளவுகோலாகக் கொண்டு கழிவுச் சுமையை அதில் சேர்க்காததைத்தான் நான் குறையாகக் கருதுகிறேன்.

கேள்வி: தப்பிச் செல்லும் மீன்களால் உண்மையில் ஆபத்து உண்டா?

பதில்: உண்டு. தப்பிய வளர்ப்புச் சால்மன் அதே இனத்தின் இயற்கை மீன்களோடு கலந்தால், பிறக்கும் குஞ்சுகளின் பிழைக்கும் திறன் குறைகிறது. அயல் இனமானால் அச்சம் வேறு வகைப்பட்டது. 2017 ஆகஸ்டில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கூண்டுத்தொகுதி ஒன்று சரிந்து, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட அட்லாண்டிக் சால்மன்கள் பசிபிக் பக்க நீரில் கலந்தன. வலைகளில் மண்டிய மட்டிகளை அகற்றாததால் நீரோட்டத்தின் இழுவை கூடியதே காரணம் என்று மாநில விசாரணை கண்டறிந்தது. அயல் இன மீன்களைக் கூண்டில் வளர்ப்பதைப் படிப்படியாக நிறுத்தும் சட்டம் மறு ஆண்டே அங்கு நிறைவேறியது.

கேள்வி: எல்லா வகை வளர்ப்பும் ஒரே அளவு பாதிப்பைத் தருமா?

பதில்: இல்லை. சிப்பிகளுக்கும் கடற்பாசிக்கும் தீவனமே இடுவதில்லை. சால்மன் தீவனத்தில் மீன்தூளின் பங்கு குறைந்து சோயா கூடியிருக்கிறது. ஆனால் அந்தச் சோயா விளையும் நிலத்தின் பாதிப்பு எந்தப் பண்ணை உரிமத்தின் கணக்கிலும் ஏறுவதில்லை.