மீட்டிங்கை முன்னால் கொண்டுவருவது எப்படி?

தம்பி, லீட்ஸில் வேலையில் சேர்ந்ததற்கு வாழ்த்துகள். வியாழக்கிழமை மீட்டிங்கை 'ப்ரீபோன்' பண்ணலாமா என்று மேலாளருக்கு மெயில் போட்டீர்கள், அவர் 'போஸ்ட்போனா?' என்று திருப்பிக் கேட்டார். ஒன்றைச் சீக்கிரம் முடித்துத் தரும்படி இங்கே எந்த வார்த்தையில் கேட்பது, எப்படிக் கேட்டால் அதிகாரம் பண்ணுவதாகத் தெரியாது என்பது உங்கள் கேள்வி. இங்கிலாந்தில் வெகுகாலமாகக் குடியிருப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ப்ரீபோனுக்காகக் கூச்சப்பட வேண்டாம். ஆக்ஸ்ஃபோர்ட் அகராதியிலேயே இருக்கிறது. போஸ்ட்போனுக்கு எதிர்ச்சொல்லாக இதை வைத்துக்கொள்ளலாமே என்று 1913இல் ஒரு வாசகர் நியூயார்க் டைம்ஸுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அங்கே யாரும் கண்டுகொள்ளவில்லை, நம் ஊர் ஆபீஸ்களில் நிலைத்துவிட்டது. சென்னை, பெங்களூர் டீமோடு பேசும்போது தாராளமாகச் சொல்லுங்கள். லீட்ஸில் அதற்கு 'ப்ரிங் ஃபார்வர்ட்'. பி.காம். படித்தவர்களுக்கு இது பழைய சொந்தம்தான், பேரேட்டில் பக்கத்தின் மேலே வரும் 'பி/எஃப்', அதாவது 'ப்ராட் ஃபார்வர்ட்', அதுவே. அமெரிக்க டீமாக இருந்தால் 'மூவ் அப்' என்பார்கள்.

ஆனால் 'மூவ் ஃபார்வர்ட்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். புதன்கிழமை மீட்டிங் இரண்டு நாள் 'மூவ் ஃபார்வர்ட்' ஆகியிருக்கிறது என்றால், ஒருவர் திங்கள் என்று எடுத்துக்கொள்வார், இன்னொருவர் வெள்ளி என்று எடுத்துக்கொள்வார். இரண்டு பேருமே இங்கே பிறந்து வளர்ந்தவர்களாக இருப்பார்கள்! லெரா பொரோடிட்ஸ்கி, மைக்கேல் ராம்ஸ்கர் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் இதே கேள்வியை விமான நிலையத்தில் இருந்தவர்களிடம் கேட்டு, 2002இல் முடிவை வெளியிட்டார்கள். யாரையோ அழைத்துப்போகச் சும்மா காத்திருந்தவர்களைவிட, அப்போதுதான் விமானத்தில் வந்து இறங்கியவர்கள் வெள்ளிக்கிழமை என்று சொன்னது அதிகம். தானே முன்னால் நகர்ந்து வந்தவனுக்கு ஃபார்வர்ட் என்றால் போகிற திசை, உட்கார்ந்திருப்பவனுக்கு நாள் தன்னை நோக்கி வருகிறது. மார்ச் மாதக் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் 'ஃபார்வர்ட்' வைக்கும்போது இதே கூத்தைப் பார்ப்பீர்கள். அன்று அதிகாலை ஒரு மணி இரண்டு மணியாகும். மூன்று மணி மீட்டிங்கை ஒரு மணி நேரம் 'ப்ரிங் ஃபார்வர்ட்' செய்தாலோ அது இரண்டு மணிக்கு வந்துவிடும்.

அதனால் எந்த வினைச்சொல் போட்டாலும் கிழமையையும் நேரத்தையும் சேர்த்தே எழுதுங்கள். 'குட் வீ ப்ரிங் இட் ஃபார்வர்ட் டு ட்யூஸ்டே அட் டூ?' அவ்வளவு போதும். மேலாளர் ஒத்துக்கொள்வதோ மறுப்பதோ செவ்வாய் இரண்டு மணியைப் பற்றித்தான் இருக்கும், உங்கள் ஆங்கிலத்தைப் பற்றி இருக்காது. தள்ளிப்போட 'புஷ் பேக்', அதற்கும் இதே முறைதான்.

அடுத்தது, பதில் வராத மெயில். நம் ஊர்ப் பழக்கத்தில் 'கைன்ட்லி எக்ஸ்பிடைட்', அதாவது தயவுசெய்து துரிதப்படுத்துங்கள், என்று எழுதத் தோன்றும். இங்கே அதைப் படிப்பவருக்கு ஏதோ வக்கீல் நோட்டீஸ் வந்த மாதிரி இருக்கும். 'ஜஸ்ட் சேஸிங் திஸ் அப்' என்பதுதான் இவர்கள் தினமும் எழுதுவது. துரத்துவது என்று பொருள் வந்தாலும் யாரும் அதைக் கோபமாக எடுத்துக்கொள்வதில்லை. எந்தத் தேதிக்குள் வேண்டும், ஏன் வேண்டும் என்று அடுத்த வரியில் சொல்லிவிடுங்கள். 'அர்ஜென்ட்' என்று தலைப்பில் போடுவதை நிஜமான அவசரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், வாரா வாரம் போட்டால் மதிப்பு போய்விடும். மீட்டிங்கில் யாராவது 'ஷல் வீ க்ராக் ஆன்?' என்றால் பதற வேண்டாம், வேலையைத் தொடங்கலாமா என்றுதான் கேட்கிறார்கள்.

எக்ஸ்பிடைட் என்ற சொல்லுக்கு இந்த நாட்டில் ஒரு நல்ல உபயோகம் இருக்கிறது, அது மருத்துவத்தில். ஜீ.பி. என்னும் குடும்ப டாக்டர் உங்களை ஸ்பெஷலிஸ்ட்டிடம் அனுப்பிவைத்தால் மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம். நூற்றுக்கு 92 பேருக்கு 18 வாரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது அரசு மருத்துவச் சேவையான என்.ஹெச்.எஸ்.ஸின் இலக்கு, அதை எட்டாமலே வருடங்கள் ஓடுகின்றன. காத்திருக்கும்போது உடம்பு மோசமானால் ஜீ.பி.யிடம் 'எக்ஸ்பிடைட் லெட்டர்' கேட்கலாம், அவர் மருத்துவமனைக்கு எழுதுவார். 'ரொம்ப நாளாகிவிட்டது' என்று மட்டும் சொன்னால் பெரும்பாலும் எழுத மாட்டார்கள். என்ன மாறியிருக்கிறது என்று சொல்ல வேண்டும்: போன மாதம் மாடிப்படி ஏறினேன், இப்போது முடியவில்லை, ராத்திரி வலியில் தூக்கம் கலைகிறது, இந்த மாதிரி. நாம் டாக்டரிடம் வலியைக் குறைத்துச் சொல்லியே பழகியவர்கள், இங்கே அது நமக்கு எதிராகத்தான் முடியும். மருத்துவமனையின் புக்கிங் பிரிவுக்கும் போன் போட்டு 'கேன்சலேஷன் லிஸ்ட்' இருக்கிறதா என்று கேளுங்கள். 'ஷார்ட் நோட்டீஸில் வர முடியும்' என்று சேர்த்துச் சொன்னால், யாராவது ரத்து செய்யும் இடம் உங்களுக்குக் கிடைக்க வாய்ப்புண்டு.

விசா விஷயம் வேறு, அங்கே பணம்தான் பேசும். இங்கிருந்தபடி நீட்டிக்கும்போது 500 பவுண்ட் கூடுதலாகக் கட்டினால் 'ப்ரையாரிட்டி', 5 வேலை நாளில் முடிவு. 1000 பவுண்ட் கட்டினால் 'சூப்பர் ப்ரையாரிட்டி', அடுத்த வேலை நாள் முடிவதற்குள். எல்லா வகை விசாவுக்கும் இந்த வசதி கிடையாது, கட்டுவதற்கு முன் அரசுத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கார் ஓட்டும் எண்ணமிருந்தால் இன்னொன்று. நம் ஊர் லைசென்ஸ் இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம்தான் செல்லும், அப்புறமும் ஓட்ட இங்கே ஓட்டுநர் தேர்வில் தேறித்தான் ஆக வேண்டும். ஓட்டிக் காட்டும் தேர்வின் மதிப்பெண் தாளில் 'ப்ரோக்ரஸ்' என்று ஒரு வரி உண்டு. மெதுவாகப் போனால் பத்திரம் என்று மணிக்கு 40 மைல் வேகம்வரை போகலாம் என்ற சாலையில் 25இல் உருட்டினாலோ, ரவுண்டானாவில் இடைவெளி கிடைத்தும் தயங்கி நின்றாலோ அதில் பிழை விழும். தேர்வுக்குத் தேதி கிடைப்பதுதான் பெரிய பாடு. கிடைத்ததை முதலில் பதிவு செய்துகொண்டு, முன்கூட்டிய தேதி வருகிறதா என்று அரசுத் தளத்திலேயே பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். சீக்கிரம் வாங்கித் தருகிறேன் என்று காசு கேட்கும் ஆட்கள் பக்கம் போக வேண்டாம்.