விடுதிப் பெண்கள் இருவரும் குறைந்தபட்ச ஊதியமும் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தை ஆதரித்து நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். தடையற்ற சந்தையை ஆதரித்த பொருளியலாளர் மில்டன் ஃப்ரீட்மனைச் சில மாதங்களாக வாசித்துவரும் எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒருவருடைய உழைப்பு முதலாளிக்கு மணிக்கு ஐம்பது ரூபாய்தான் பெறும் என்றால், எழுபதுக்குக் குறைத்துத் தரக்கூடாது என்று சட்டம் சொல்வது அவரை வேலைக்கே வைக்காதே என்று சொல்வதற்குச் சமம். வயதுவந்த இருவர் மனமொத்துச் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தில் நுழைய அரசுக்கு என்ன உரிமை? உணர்ச்சியால் அல்லாமல் வாதத்தால் பதில் சொல்வீர்கள் என்று நம்புகிறேன்.

அன்புடன்,
கே., கோவை

அன்புள்ள கே.,

உங்கள் தரப்புக்கு நீங்கள் எடுத்துக்காட்டு எதுவும் தரவில்லை. இருப்பதில் வலுவான ஒன்றை நானே தருகிறேன். அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில், காங்கிரஸ் ஹால் என்ற விடுதியில் லிஃப்ட் இயக்கிவந்த வில்லி லயன்ஸ் என்ற 21 வயதுப் பெண்ணுக்கு மாதம் 35 டாலர் சம்பளமும் நாளுக்கு இரண்டு வேளைச் சாப்பாடும் கிடைத்துவந்தன. பெண்களுக்கும் சிறார்களுக்கும் ஊதிய வரம்பு விதிக்க 1918-இல் அந்நகருக்கென இயற்றப்பட்ட சட்டத்தின் கீழ் அந்தச் சம்பளம் போதாது என்றானதும் அவருக்கு வேலை போயிற்று. வேலை இலகுவானது, நேரமும் குறைவு, இதைவிட நல்ல வேலை தனக்குக் கிடைக்காது என்று சொல்லி அவரே நீதிமன்றம் சென்றார். 1923-இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தைச் செல்லாது என்றது. உழைப்பின் மதிப்பைப் பாராமல் உழைப்பவரின் தேவையை மட்டும் பார்க்கும் சட்டம், சமூகம் முழுவதும் தாங்கவேண்டிய வறுமைச் சுமையை வேலை கொடுத்த ஒருவரின் தோளில் மட்டும் ஏற்றிவிடுகிறது என்பது நீதிபதி சதர்லாந்தின் வாதம். தனிமனித ஒப்பந்தங்களில் அரசு தலையிடக் கூடாது என்னும் லிபர்டேரியன்கள் இவ்விஷயத்தில் பின்னர் எழுதியவற்றில் பெரும்பகுதி இந்த ஒரு வாக்கியத்துக்கு உரை என்றே எனக்குத் தோன்றும்.

பதினான்கு ஆண்டுகள் கழித்து அதே நீதிமன்றத்துக்கு இன்னொரு விடுதிப் பெண்ணின் வழக்கு வந்தது. தலைநகரின் பெயரையே கொண்ட, ஆனால் வேறு இடமான வாஷிங்டன் மாநிலத்தில் வெனாச்சி என்ற ஆப்பிள் விளையும் சிற்றூரில் எல்சி பாரிஷ் விடுதி அறைகளைச் சுத்தம் செய்துவந்தார். 48 மணி நேர வாரத்துக்கு மாநிலச் சட்டம் விதித்த 14.50 டாலரைவிடக் குறைவாகவே அவருக்குக் கொடுக்கப்பட்டது. விடுபட்ட தொகையான 216.19 டாலரைக் கேட்டு வழக்குத் தொடுத்தார். 1937-இல் ஐந்து நீதிபதிகளுக்கு நான்கு நீதிபதிகள் என்ற கணக்கில் வென்றார். 1923-ஆம் ஆண்டுத் தீர்ப்பு அத்துடன் விழுந்தது. தலைமை நீதிபதி ஹியூஸ், சதர்லாந்தின் சுமை வாதத்தை அப்படியே திருப்பிப் போட்டார்: வாழப் போதாத கூலி வாங்குபவரை ஊர்ப் பணம்தான் காப்பாற்ற வேண்டும் என்றால், ஊர் அந்த முதலாளிக்கு மானியம் கொடுக்கிறது என்று பொருள்.

இனி உங்கள் ஐம்பது ரூபாய்க்கு வருகிறேன். ஓர் உழைப்பு ஐம்பது ரூபாய்தான் பெறும் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? ஐம்பது ரூபாய்க்கு ஆள் கிடைக்கிறார் என்பதை வைத்துத்தான். பல முதலாளிகள் ஒரே ஆளுக்குப் போட்டியிடும் இடத்தில் கூலி, உழைப்பின் மதிப்பை நெருங்கும். அங்கே உங்கள் வாதம் சரி. 1930-களின் பெருமந்தக் காலத்துச் சிற்றூரில் அறை துடைக்கும் பெண்ணுக்கு அப்படிப் போட்டியிட யாரும் இல்லை. வேலை தருபவர் ஓரிருவரே என்னும் இடத்தில், இன்னோர் ஆளைச் சேர்க்கக் கூலியை உயர்த்தினால் ஏற்கெனவே இருப்பவர்களுக்கும் உயர்த்த வேண்டிவரும் என்பதால், முதலாளி குறைந்த கூலிக்குக் குறைந்த ஆட்களோடு நின்றுகொள்வார். சட்டம் கூலியை நிர்ணயித்துவிட்டால் அவர் அந்தக் கணக்கைப் போடவேண்டியதில்லை. கூலியும் ஆள் எண்ணிக்கையும் சேர்ந்தே உயர இடமுண்டு. பொருளியலாளர் ஜோன் ராபின்சன் 1933-இல் இதற்குக் கோட்பாடு தந்தார். தடையற்ற சந்தையை வலியுறுத்தும் சிகாகோ பொருளியல் மரபின் தூணான ஜார்ஜ் ஸ்டிக்லர்கூட, குறைந்தபட்ச ஊதியத்தைத் தாக்கி 1946-இல் எழுதிய கட்டுரையில் இந்தச் சாத்தியத்தை ஒப்புக்கொண்டார். பொருத்தமான கூலி தொழிலுக்குத் தொழில், நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், சட்டமோ ஒரே எண்ணைச் சொல்லும் என்பது அவருடைய மறுப்பு.

அந்த மறுப்பை எளிதில் தள்ளிவிட முடியாது. 1938-ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம் மணிக்கு 25 சென்ட் என்ற வரம்பை, அமெரிக்க ஆட்சியின் கீழ் இருந்த, கூலி மிகக் குறைவான போர்ட்டோ ரிக்கோ தீவுக்கும் விதித்தது. அங்கே வீடுகளில் நடந்துவந்த தையல், பூவேலைத் தொழில் ஆட்டம் கண்டது. 1940-இலேயே சட்டத்தைத் திருத்தி அத்தீவுக்குக் குறைந்த விகிதங்களை அனுமதிக்க வேண்டியதாயிற்று. மறுபுறம், 1992 ஏப்ரலில் நியூ ஜெர்சி மாநிலம் மணிக்கு 4.25 டாலர் என்ற வரம்பை 5.05 ஆக்கியபோது, அங்கும் பக்கத்துப் பென்சில்வேனியாவிலும் 410 துரித உணவகங்களை ஒப்பிட்ட பொருளியலாளர்கள் டேவிட் கார்டும் ஆலன் குரூகரும் வேலை குறைந்ததற்கான தடயம் எதையும் காணவில்லை. டேவிட் நியூமார்க்கும் வில்லியம் வாஷரும் சம்பளப் பதிவேடுகளைக் கொண்டு அதை மறுத்தார்கள். கார்டும் குரூகரும் அரசுப் பதிவுகளோடு திரும்பி வந்தார்கள். சண்டை இன்றும் ஓயவில்லை. கார்டுக்கு 2021-இல் நோபல் கிடைத்ததால் அது தீர்ந்துவிட்டதாக நான் சொல்லமாட்டேன். ஊரில் நடப்பிலுள்ள கூலிக்கு வரம்பு எவ்வளவு மேலே நிற்கிறது என்பதைப் பொறுத்தே விளைவு அமைகிறது. தீவில் வெகு உயரத்தில் நின்றது, நியூ ஜெர்சியில் கைக்கெட்டும் உயரத்தில். 1999-இல் மணிக்கு 3.60 பவுண்டில் தொடங்கிய பிரிட்டன், அந்த உயரத்தை அளந்து பரிந்துரைக்க முதலாளிகள், தொழிற்சங்கத்தினர், ஆய்வாளர்கள் அடங்கிய ஓர் ஆணையத்தை வைத்திருக்கிறது. ஸ்டிக்லருக்கு அது முழுப் பதில் அல்ல, நடைமுறைப் பதில்.

எஞ்சியிருப்பது உரிமை பற்றிய கேள்வி. ஃப்ரீட்மன் ஏழையை அப்படியே விட்டுவிடச் சொல்லவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஒரு வரம்புக்குக் கீழே வருமானம் உள்ளவருக்கு அரசே பணம் தரும் எதிர்மறை வருமான வரியை 1962-இல் அவர் முன்வைத்தார். சதர்லாந்தின் சமூகச் சுமைக்கு அது நேர்மையான விடை. ஆனால் ஹியூஸின் மானியக் கேள்வி அங்கேயும் நிற்கிறது: முதலாளிக்குப் பேரம் பேசும் பலம் அதிகமாக உள்ள இடத்தில், அரசு தரும் தொகையில் ஒரு பங்கு குறைந்த கூலியாக அவர் பைக்கே போய்ச் சேரும். ஆகவே இரண்டும் சேர்ந்தே இருக்கவேண்டும் என்பது என் நிலைப்பாடு. வரியே வற்புறுத்தல் என்று கருதி இரண்டையும் மறுக்கும் கடுமையான லிபர்டேரியன்களும் உண்டு. நீங்கள் அவர்கள் பக்கம் என்றால், எல்சி பாரிஷின் 216.19 டாலரை யார் தந்திருக்க வேண்டும் என்று எழுதுங்கள், வெளியிடுகிறேன்.