மார்பக மறுசீரமைப்பில் இம்ப்ளாண்ட் அளவை எப்படி முடிவு செய்வது?

ஒரு பக்க மார்பகத்தை நீக்கி எக்ஸ்பாண்டர் (தோலை மெல்ல விரிக்கும் தற்காலிகப் பை) வைத்திருப்பதாகவும், நிரந்தர இம்ப்ளாண்டுக்கு (மார்பகத்தின் இடத்தில் வைக்கும் செயற்கைப் பை) 350 சிசியா 400 சிசியா என்று மருத்துவர் கேட்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன் இதே கேள்வியோடு நானும் பல இரவுகள் தூங்காமல் கிடந்தேன். ஆனால் முதலில் முடிவாக வேண்டியது சிசி என்ற கன அளவு அல்ல, அகலம்.

என் பிளாஸ்டிக் சர்ஜன் கப் அளவைப் பற்றிப் பேசவே இல்லை. என்னை நிமிர்ந்து உட்காரச் சொல்லி, மார்பெலும்பின் ஓரத்திலிருந்து அக்குள் பக்கம் வரை கவராயம் போன்ற ஒரு கருவியால் அளந்து, 12.5 செ.மீ. என்று குறித்துக்கொண்டார். இம்ப்ளாண்டின் அடிப்பகுதி அந்த அகலத்தை மீறினால் ஒருபுறம் நடுமார்பை நெருக்கும், மறுபுறம் கையில் உரசும். அகலம் முடிவான பிறகு, முன்பக்கம் எவ்வளவு எடுப்பாக இருக்க வேண்டும் என்பதைப் பொறுத்துத்தான் சிசி கூடுகிறது அல்லது குறைகிறது.

அழகுக்காக இம்ப்ளாண்ட் வைத்துக்கொண்டவர்கள் சொல்லும் எண்களை நம் கணக்கில் சேர்க்காதீர்கள். அவர்களுக்கு ஏற்கெனவே இருக்கும் திசுவோடு அது சேர்கிறது. நமக்கோ முழு உருவத்தையும் அதுவே தந்தாக வேண்டும். நீக்கிய மார்பகத்தின் எடை பெரும்பாலும் உங்கள் மருத்துவ அறிக்கையில் கிராம் கணக்கில் இருக்கும். ஒரு கிராமை ஏறத்தாழ ஒரு சிசி என்று கொண்டால், பேச்சைத் தொடங்க ஓர் எண் கிடைக்கும்.

எக்ஸ்பாண்டர் காலத்தை ஒத்திகையாகப் பயன்படுத்துங்கள். காந்தத்தை வைத்து வால்வு இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, ஊசி வழியே எனக்கு ஒவ்வொரு தடவையும் 60 சிசி உப்புநீர் ஏற்றினார்கள்; அன்றிரவு நெஞ்சைப் பட்டையால் இறுக்கிக் கட்டியதுபோல் இருக்கும், இரண்டொரு நாளில் தளர்ந்துவிடும். (வால்வில் காந்தம் உள்ள எக்ஸ்பாண்டர் என்றால், யாராவது எம்ஆர்ஐ எடுக்கச் சொல்லும்போது அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.) தளர்ந்த பிறகு, வழக்கமாக அணியும் சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் பக்கவாட்டில் நின்று பார்ப்பேன். எக்ஸ்பாண்டர் கட்டையாக, மேலேறித்தான் நிற்கும். அதன் வடிவத்தைக் கண்டு கலங்காமல் பருமனை மட்டும் பாருங்கள்.

ஒரு பக்கம் மட்டும் என்பதால், அளவைத் தீர்மானிப்பதில் பாதிப் பங்கு மறுபக்க மார்பகத்துக்கு உண்டு. உடல் எடை கூடினால் அது பெருக்கும், வயதானால் தொங்கும். இம்ப்ளாண்ட் வைத்தபடியே இருக்கும். உள்ளாடை அணிந்த நிலையில் இரண்டும் ஒத்திருந்தால் போதுமா, அணியாதபோதும் ஒத்திருக்க வேண்டுமா என்பதை நீங்கள்தான் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இரண்டாவது என்றால், நன்றாக இருக்கும் மார்பகத்தையும் தூக்கித் தைக்கவோ சிறிதாக்கவோ வேண்டிவரலாம். எனக்கு முதலாவதே போதுமாக இருந்தது.

"வைப்பதுதான் வைக்கிறோம், கொஞ்சம் பெரிதாகவே வைத்துக்கொள்" என்று சொல்பவர்கள் இருப்பார்கள். மார்பக நீக்கத்துக்குப் பிறகு எஞ்சும் தோல் மெல்லியது. அதிகப் பாரம் அதை மேலும் மெலியச் செய்யும், தையலையும் இழுக்கும். கதிர்வீச்சு சிகிச்சை பெற்றிருந்தால் தோல் விரிந்து கொடுப்பதும் குறைவு, இம்ப்ளாண்டைச் சுற்றி உடல் உண்டாக்கும் தழும்புத் திசு உறை இறுகும் வாய்ப்பும் அதிகம் என்பதால், அங்கே மருத்துவர் சொல்லும் மேல்வரம்போடு வாதாட வேண்டாம்.

ஒரே எண்ணைச் சொல்லாமல் ஒரு வரம்பைச் சொல்லுங்கள். அறுவை அரங்கில் மாதிரி இம்ப்ளாண்டுகளை உள்ளே வைத்து, உங்களை உட்கார்ந்த நிலைக்கு உயர்த்திப் பார்த்து, அதன் பிறகே இறுதி அளவை எடுக்கும் வழக்கம் உண்டு. நான் 350-க்குக் குறையாமல், 400-ஐத் தாண்டாமல் என்று சொல்லிவிட்டுப் போனேன். 375 என்பது மயக்கம் தெளிந்த பிறகு, அவர்கள் கையில் கொடுத்த இம்ப்ளாண்ட் அட்டையைப் படித்தபோதுதான் தெரிந்தது.